மூக்கு நீட்டிய ஹால்

டிசம்பர் 1, திங்கள்

இந்த டைரியைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறவர்கள் உடனே கையைக் கழுவவும். அட்டையில் அரிப்புப் பவுடர் தடவியிருக்கிறேன்.

தடவவில்லை. ஆனால் இப்போது அரிக்கிறதா இல்லையா?

அப்பா வேலை பார்க்கிற லேத்துப் பட்டறைக்கு ஆயில் விற்கும் கம்பெனி வருடா வருடம் ஒரு டைரி கொடுக்கும். யாரும் எழுத மாட்டார்கள். வருடம் முடிகிற நேரத்தில் பாவம் பார்த்து நான் தத்தெடுத்துக்கொண்டேன். ஜனவரி என்று அச்சடித்திருப்பதை அடித்துவிட்டு டிசம்பர் என்று எழுதுகிறேன். வீட்டில் பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆள் இருக்கிறார்கள். இரண்டு பேர் இருக்கிறார்கள். பிரச்சினையே அதுதான்.

என் பெயர் வெரோனிகா. ஒன்பதாம் வகுப்பு. திருச்சி பாலக்கரையில் வாடகைக்கு மாடி வீடு. அப்பா சூசைராஜ். அம்மா செலின், தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கல்லறைத் திருநாளுக்குப் போய் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். வந்து வீட்டுக்குள் புதிதாக ஒன்று தோண்டிக்கொண்டார்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

முதலில் ஹாலைச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் அது ஒழுங்கான செவ்வகமாம். வாடகைக்கு விடும் முன்பு ஹவுஸ் ஓனர் அம்புரோஸ் அங்கிள் அதன் ஒரு மூலையில் இரண்டு சுவர் எழுப்பி அறையாக்கி, தன் பழைய சாமான்களை எல்லாம் உள்ளே திணித்துப் பூட்டி, சாவியைக் கீழ்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் எங்களுக்கு. அதனால் ஹால் இப்போது மடக்கிய முழங்கை மாதிரி இருக்கிறது. தெருப் பக்கம் ஒரு கை, சமையலறைப் பக்கம் ஒரு கை. மடக்கில் ஓனர் அறையின் மூலை எங்கள் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த மூக்கில் இடித்துக்கொள்ளாதவர்கள் இந்த வீட்டில் இல்லை. அப்பாவுக்குத் தோள். அம்மாவுக்கு இடுப்பு. எனக்கு நெற்றி. கேபிள்காரருக்கு மட்டும் மூக்கோடு மூக்கு.

தெருப் பக்கக் கையில் டிவி, கட்டில், அப்பா. சமையலறைப் பக்கக் கையில் சாப்பாட்டு மேசை, இஸ்திரிப் பெட்டி, அம்மா. யாரும் பங்கு பிரிக்கவில்லை, தானாகப் பிரிந்துகொண்டது. இங்கிருந்து அவரைப் பார்க்க முடியாது, அங்கிருந்து இவளைப் பார்க்க முடியாது. இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் மடக்கில் இருக்கும் நாலு டைல்ஸில்தான் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு செக்போஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். டியூட்டியில் எப்போதும் நான்தான். சம்பளம் கிடையாது, சீருடையும் கிடையாது, ஆனால் மேல்வரும்படி உண்டு. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

நாளைக்கு என்றால் நாளைக்கேவா?

மேல்வரும்படி இதுதான். சமையலறைப் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்: "வெரோ, சாப்பாடு மேசைல இருக்குன்னு உங்கப்பாட்ட சொல்லிரு."

நான் செக்போஸ்டுக்குப் போய்த் தெருப் பக்கம் திரும்பினேன். "அப்பா, வந்து கொட்டிக்கவாம்."

டிவியில் செய்தி அலறிக்கொண்டிருந்தது. அப்பா திரும்பாமலே, "பசிக்கலன்னு சொல்லு" என்றார்.

நான் இந்தப் பக்கம் திரும்பினேன். "அம்மா, இதத் தின்னுட்டு யாரு ஆஸ்பத்திரிக்குப் போறதுங்கிறாரு. அங்கயும் நீதான் ஊசியோட நிப்பியாம்."

மேசையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் ஓங்கி வைக்கப்பட்டது. தெருப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. அப்பா ரிமோட் மேல் உட்கார்ந்திருப்பார்.

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பா வந்து நின்றுகொண்டே சாப்பிட்டார். பசிக்காதவர் இரண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போனோம். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் குடும்பத்துக்காகவே கட்டியது போல வசதி. சண்டை என்று சாமிக்கே சந்தேகம் வந்திருக்காது.

வெளியே வந்ததும் ஓனர் பொண்டாட்டி எமல்டா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "ஏன் செலினு, மஸ்கட்டு போறியாமே? ஜனவரிலயேவா? புள்ளைய விட்டுட்டா?"

"ஆமாக்கா" என்றாள் அம்மா. மூன்று கேள்விக்கும் அதுவே பதில்.

விஷயம் இதுதான். அம்மா போன வருடமே போயிருக்க வேண்டியது. அங்கே நர்ஸ் வேலைக்கான தேர்வு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஏஜென்சியிலிருந்து போன் வந்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா எடுத்து, "அவங்களுக்கு விருப்பமில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. தான் தேறவில்லை போல என்று அம்மா ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவள் ஒருத்தி லீவில் ஊருக்கு வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவைப் பார்த்து, "ஏன்டி வேணாம்னுட்ட?" என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

அதற்குள் அம்மா மறுபடி எழுதித் தேறியிருந்தாள். ஜனவரி மூன்று விமானம். இரண்டு வருட வேலை.

எனக்கு ஒன்றுமில்லை. காலையில் பாத்ரூம் சீக்கிரம் கிடைக்கும்.

டிசம்பர் 9, செவ்வாய்

கணக்கு மிஸ் பலகோணம் நடத்தினார். குவிவுப் பலகோணம், குழிவுப் பலகோணம். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்று விருந்தாளி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று குத்து வாங்கியது மாதிரி உள்ளே போகிறது.

"உள்ள எந்த ரெண்டு புள்ளிய எடுத்து நேர்கோட்டால சேத்தாலும் கோடு உள்ளயே இருந்தா குவிவு. ஏதாவது ரெண்டு புள்ளிக்காவது கோடு வெளிய போயிட்டு வந்தா அது குழிவு. அதுல ஒரு மூலையாவது உள்பக்கமா குத்திக்கிட்டு நிக்கும். அங்க கோணம் நூத்தி எம்பதுக்கு மேல. புரியுதா?"

"மிஸ், அப்படிக் குத்துற மூலைக்கு யாரு வாடகை குடுக்கணும்?"

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. மிச்ச நேரத்தை வராந்தாவில் கழித்தேன். வெளியே போய்விட்டு வந்த கோடு இன்று நான்.

வீட்டுக்கு வந்து ஹாலை வரைந்து பார்த்தேன். ஓனர் அறைக்குள்ளிருந்து பார்த்தால் அந்த மூலை வெறும் தொண்ணூறு டிகிரி. எங்கள் பக்கத்தில் அதே மூலை இருநூற்றெழுபது. அதாவது கோணத்தில் பெரும்பங்கு எங்களுக்கு, இடித்துக்கொள்வதும் நாங்களே. அப்பாவின் கட்டிலில் ஒரு புள்ளி, அம்மாவின் மேசையில் ஒரு புள்ளி வைத்து ஸ்கேலால் சேர்த்தேன். கோடு நேராக ஓனர் அறைக்குள் புகுந்து, அவருடைய துருப்பிடித்த சைக்கிள், கால் உடைந்த தொட்டில் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. அப்பாவையும் அம்மாவையும் நேராகச் சேர்க்க இந்த வீட்டில் வேறு வழி கிடையாது.

டிசம்பர் 11, வியாழன்

அம்மா பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். சக்கரம் வைத்தது. டைல்ஸில் உருட்டிக்கொண்டு வந்த சத்தத்துக்கே தெருப் பக்கம் கோபம் வந்துவிட்டது.

"பெட்டியெல்லாம் வந்துருச்சான்னு கேளு."

"அம்மா, பெட்டிக்குள்ள அவருக்கும் எடம் இருக்கான்னு கேக்குறாரு."

"என் சம்பளத்துல வாங்குனதுன்னு சொல்லு."

"அப்பா, உங்க தொப்பைக்கு அளவெடுத்துப் பாத்துச்சாம், மூடாதாம்."

அப்பா இருமினார். கொஞ்ச நேரம் இருமிக்கொண்டே இருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சிரப் வாங்க வேண்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இருமி முடித்ததும் அப்பாவின் குரல் மாறிவிட்டது. "பொம்பள சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிற அளவுக்கு நான் இன்னும் விழலன்னு சொல்லு. போறவ போகட்டும். திரும்பி வர வேணாம்னு சொல்லு."

செக்போஸ்டில் எல்லாச் சரக்கையும் உள்ளே விடுவதில்லை. சிலதை அங்கேயே அழித்துவிடுவோம். அம்மா பக்கம் திரும்பி, "அப்பாவுக்குக் குளிக்க வென்னீர் வேணுமாம்" என்றேன்.

அம்மா வென்னீர் வைக்கவில்லை. ராத்திரி அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியிருப்பாள். ஆனால் சாப்பிட்டது இட்லியும் சர்க்கரையும்.

டிசம்பர் 13, சனி

அரிசி டிரம்முக்குள் ஒரு பொருளைப் புதைத்தேன். என்ன பொருள் என்று எழுத மாட்டேன். விளையாட்டுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா அரிசி அளந்தபோது படியோடு நீல அட்டை ஒன்று வெளியே வந்தது. தட்டித் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"பூச்சி வராம இருக்க வேப்பிலதான் போடுவாங்க, பாஸ்போர்ட்டு போட மாட்டாங்க" என்றாள்.

"புது டெக்னிக்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. சண்டைக்காரி என்றால் சண்டை போட வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு, கணக்கு. குழிவுப் பலகோணத்துக்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வரைந்து விளக்குக, இரண்டு மதிப்பெண். எல்லோரும் நட்சத்திரம் வரைந்தார்கள். நான் எங்கள் ஹாலை வரைந்து, புள்ளிகளுக்கு அ என்றும் அம் என்றும் பெயர் வைத்து, இவற்றைச் சேர்க்கும் கோடு ஹவுஸ் ஓனரின் சைக்கிள் வழியாகச் செல்கிறது, எனவே இது குழிவு என்று நிறுவினேன்.

டிசம்பர் 17, புதன்

பேப்பரை மறுநாளே திருத்திக் கொடுக்கிற மிஸ் இவர் ஒருவர்தான். பூஜ்ஜியம். பக்கத்தில் சிவப்பு மையில்: "கேட்டது எடுத்துக்காட்டு. குடும்பக் கதை அல்ல."

டிசம்பர் 18, வியாழன்

தெரு முழுக்க நட்சத்திரம் ஏறிவிட்டது. எல்லாம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக். எங்கள் வீட்டில் மட்டும் செய்வதுதான் வழக்கம். அப்பா மூங்கில் சிம்பை வளையாமல் சீவி நட்சத்திரமாகக் கட்டுவார். அம்மா தாள் ஒட்டுவாள். இந்த வருடம் இருதரப்பு ஒத்துழைப்பு இல்லை.

நானே செய்தேன். பரணில் போன வருடத்துக் கூடு இருந்தது. கண்ணாடித் தாளை மேலே போட்டு, ஓரத்தை மடித்து மைதாப் பசை தடவினேன். ஐந்து முனையிலும் பிரச்சினை இல்லை. முனைக்கு முனை நடுவே உள்ளே குத்தி நிற்கும் ஐந்து மூலைகள் இருக்கின்றனவே, அங்கேதான் தாள் மடங்க மாட்டேன் என்றது. இழுத்தால் கிழிந்தது. விட்டால் சுருங்கியது. கடைசியில் அந்த மூலைகளைக் கண்டுகொள்ளாமல் முனைக்கு முனை நேராக இழுத்து ஒட்டிவிட்டேன். பால்கனியில் தொங்கவிட்டுக் கீழே போய்ப் பார்த்தேன்.

எமல்டா ஆன்ட்டியும் நிமிர்ந்து பார்த்தார். "என்னடி இது, ஸ்டாரா, அப்பளமா?"

"ரெண்டுந்தான் ஆன்ட்டி. நொறுங்குறதுக்கு முன்னாடி ஸ்டாரு."

டிசம்பர் 19, வெள்ளி

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

விமானத்துக்கு நாள் நெருங்குகிறது. இந்த இரண்டு பெரிய மனிதர்களும் கடைசிவரை இப்படியே இருந்து, பெட்டியும் போய்விட்டால் அப்புறம் நான் யாருக்கு மொழிபெயர்ப்பது? ஆகவே செக்போஸ்ட் வரலாற்றிலேயே பெரிய கடத்தல் ஒன்றைத் திட்டமிட்டேன்.

தெருப் பக்கத்திலிருந்து அப்பா, "என் நீலச் சட்ட எங்கன்னு கேளு" என்றார்.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். அவள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். "அம்மா, அப்பா மன்னிப்புக் கேக்குறாரு. அந்த போன் விஷயத்துக்கு."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்படியா? என்ன சொன்னாரு?"

"மன்னிச்சிருன்னு சொன்னாரு. குரலே கம்மிருச்சு."

"எனக்கு நீலச் சட்ட எங்கன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

நான் யூனிஃபார்மின் பட்டன்களை எண்ண ஆரம்பித்தேன். செக்போஸ்டிலேயே கையும் களவுமாகப் பிடிபடுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

"வெரோ, கீழ்வீட்டுக் குக்கர் எத்தன விசில் அடிக்குதுன்னு எனக்குக் கேக்குது. இந்தா இருக்குற உங்கப்பா பேசுறது கேக்காதா?"

"அப்ப எல்லாமே கேட்டுச்சா?"

"எல்லாமே. நீ ஊசியோட நிக்கவச்சது, தொப்பைக்கு அளவெடுக்கவச்சது, எல்லாம்."

"வென்னீரு?"

அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். யூனிஃபார்மில் ஏற்கெனவே தேய்த்த கையையே மறுபடி தேய்த்தாள்.

தெருப் பக்கம் டிவி நின்றிருந்தது. நான் செக்போஸ்டில் நின்றிருந்ததால் அப்பாவும் தெரிந்தார். கையில் ரிமோட்டோடு, அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அவர் குரல் கேட்டிருக்கிறது என்றால், அவருக்கும் அம்மா இப்போது சொன்னது கேட்டிருக்கும். திரும்பி வர வேண்டாம் என்றதை அம்மா நேராகக் கேட்டிருக்கிறாள் என்பது இப்போது அவருக்கும் தெரியும்.

"நீலச் சட்ட கொடியில காயுது" என்றாள் அம்மா.

நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அப்பா எழுந்து கொடிக்குப் போனார்.

டிசம்பர் 20, சனி

கோபம். கண்ணை மறைக்கிற மூலை காதையும் மறைக்கும் என்று நம்பி, கோமாளி மாதிரி நடுவில் நின்று திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டவள் நான். இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என்னை ஓடவிட்டிருக்கிறார்கள். குறும்பு செய்வது நான் என்று நினைத்தேன்.

அட்டையில் எழுதி ஓனர் அறையின் மூக்கில் ஒட்டிவிட்டேன்: "செக்போஸ்ட் மூடப்பட்டது. பேச விரும்புவோர் சொந்த வாயைப் பயன்படுத்தவும்."

டிசம்பர் 21, ஞாயிறு

ஒருவரும் பயன்படுத்தவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

அப்பா காலண்டரைப் பார்த்து, "இட்லி இருக்கா?" என்று கேட்டார். அம்மா ஃபிரிஜ்ஜைப் பார்த்து, "மாவு தீந்துருச்சு" என்றாள். என் வேலையைக் காலண்டருக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

"வெரோ, நீயாச்சும் சொல்லேன்டா" என்றார் அப்பா. நான் அட்டையைக் காட்டினேன்.

வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. முன்பு ஆளுக்கொரு பொய்யாவது ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கொஞ்சம்.

டிசம்பர் 23, செவ்வாய்

வயிற்று வலி. லீவு. காரணம் கேட்க வேண்டாம், அந்தக் கேள்விக்கும் செக்போஸ்ட் மூடியிருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

அப்பா பட்டறையிலிருந்து மதியமே வந்துவிட்டார். நேராகப் பால்கனிக்குப் போய் என் அப்பளத்தைக் கழற்றினார். தாளையெல்லாம் உரித்துப் போட்டார். தளர்ந்திருந்த கட்டுகளை அவிழ்த்துப் புது நூல் போட்டு இறுக்கினார். புதுச் சிவப்புத் தாள் வாங்கி வந்திருந்தார். எல்லாம் தெருப் பக்கக் கையில், தரையில் உட்கார்ந்து.

அப்புறம் கை நின்றது. எனக்குத் தெரியும், அடுத்து உள்மூலைகளை வெட்ட வேண்டும். அதை எப்போதும் அம்மா செய்வாள். மூலையின் உள்ளே கூடு வரை ஒரு வெட்டு, ஒரு நூல் கூடப் போனாலும் தாள் பாழ். வெட்டுகிற கத்தரி அம்மாவினுடையது, முனை வளைந்தது, யாரையும் தொட விடமாட்டாள்.

அப்பா காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"செலினு."

சமையலறைப் பக்கம் கரண்டி நின்றது.

"கத்தரி எங்க?"

கரண்டி மறுபடி சட்டியில் இடித்தது.

"வச்ச எடத்துல."

"எங்க வச்ச?"

"தேடுனாக் கெடைக்கும். உங்களுக்குத்தான் தேடத் தெரியாதே. போன எடுத்து வைக்க மட்டுந்தான் தெரியும்."

அப்பா நட்சத்திரக் கூட்டோடு எழுந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கத்தரியோடு வந்தாள். இருவரும் செக்போஸ்டில் முட்டிக்கொண்டார்கள். நான் ஓடி விலகினேன், அங்கே மூன்று பேருக்கு இடமில்லை. அப்பா அவசரத்தில் மூக்கில் தோளை இடித்து, "ஆ" என்றார்.

"நல்லா வேணும்" என்றாள் அம்மா. கூட்டைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். உட்கார்ந்து தாளைப் பரப்பினாள். வெட்டிக்கொண்டே பேசினாள். பேசவில்லை, கத்தினாள்.

"போன் வந்துச்சுன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த." நறுக்.

"தேறலன்னு நெனச்சு நெனச்சு எனக்கு ஊசி போடவே கை நடுங்குச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னு தட்டிக்குடுத்தீங்க. தட்டிக்குடுத்தீங்க!" நறுக்.

"இப்ப நான் திரும்பி வர வேணாமாமே?" நறுக்.

"அது ஏதோ கோவத்துல…"

"கோவத்துல சொன்னாக் காதுல விழாதா?" நறுக்.

அப்பா உட்கார்ந்தார். தாளின் ஓரத்தை அது பறந்துவிடும் என்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பயந்துட்டேன்" என்றார்.

"என்ன?"

"போனா வரமாட்டியோன்னு பயந்துட்டேன், செலினு. அங்க போனவ எவ இந்த ஓட்ட வீட்டுக்குத் திரும்பி வருவான்னு தோணிருச்சு. அன்னைக்கும் அதான். அந்தப் பேச்சும் அதான். தப்புதான். மன்னிச்சிரு."

நான் சொல்லித் தராமலே சொன்னார்.

கத்தரி கடைசி மூலையில் நின்றது. அம்மா நிமிராமல் சொன்னாள்: "இதப் போன வருசமே சொல்லிருந்தீங்கன்னா நான் போயே இருக்க மாட்டேன்."

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இப்ப?"

"இப்பப் போவேன்."

நறுக்.

அம்மா பசை தடவினாள், அப்பா மடித்து அழுத்தினார். ஐந்து மூலையிலும் தாள் அப்படியே படிந்தது. கீழே எமல்டா ஆன்ட்டி வீட்டில் டிவி சத்தம் குறைந்திருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பிரியாணி. சண்டை மூன்று தடவை, எல்லாம் நேரடி ஒளிபரப்பு. உப்புக்கு ஒன்று, பெட்டியின் எடைக்கு ஒன்று, எனக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார் என்பதற்கு ஒன்று. அட்டையைக் கழற்றிவிட்டேன்.

ஜனவரி 3, சனி

அம்மா போனாள்.

விமான நிலையத்தில் அப்பா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தடுப்பு வந்ததும் பெட்டியை விடவே இல்லை. அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "வருவேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, நான் நடுவில் நின்றிருந்தேன்.

நான் அழவில்லை. அம்மா என் கையில் எதையோ திணித்துவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தால் வேப்பிலை. அப்போதும் அழவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் பாத்ரூம் சீக்கிரம் கிடைத்தது.

ஜனவரி 6, செவ்வாய்

மூன்று ராஜாக்கள் திருநாள். இன்றைக்கு நட்சத்திரத்தை இறக்க வேண்டும். எமல்டா ஆன்ட்டி கீழிருந்து நினைவுபடுத்தினார். "இருக்கட்டுங்க்கா, கட்டு நல்லா இருக்கு" என்றார் அப்பா. கட்டுக்கும் இறக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆன்ட்டி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 10, சனி

அப்பா இப்போதெல்லாம் கட்டிலில் உட்காருவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைச் செக்போஸ்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. முகம் சமையலறைப் பக்கம்.

"அங்க என்னப்பா இருக்கு?"

"காத்து நல்லா வருது."

மடக்கில் காற்று வராது. ஃபேன்கூடக் கிடையாது.

ராத்திரி எட்டு மணிக்கு அம்மா போனில் கூப்பிட்டாள். அங்கே பகலெல்லாம் வெயில், அறையில் கூட ஒரு கேரளாக்காரப் பெண், குழம்பு எல்லாவற்றிலும் தேங்காய் என்றெல்லாம் சொன்னாள். அப்புறம் பழைய பழக்கத்தில், "உங்கப்பா சாப்டாரான்னு கேளு" என்றாள்.

"செக்போஸ்ட் மூடி நாளாச்சு. நீயே கேளு" என்று சொல்லி ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் மடியில் வைத்தேன்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "சாப்டேன், செலினு."

"பொய். நான் பேச ஆரம்பிச்சதுலருந்து ஒரு தட்டுச் சத்தம் கேக்கல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவர் எழுந்தார், வழக்கம் போல மூக்கில் தோளை இடித்துக்கொண்டார், சமையலறைக்குப் போனார். எவர்சில்வர் தட்டை எடுத்து, வேண்டுமென்றே ஓங்கி மேசையில் வைத்தார்.

மஸ்கட் வரைக்கும் கேட்டிருக்கும்.